பனியில் ஈயக் குண்டு: லூப் குறிப்புகள்

அக்டோபர் 21

கனடாவின் ஆல்பெர்ட்டாவில் நவம்பர் மான் வேட்டை நெருங்குகிறது. கோடையில் சுட்ட அதே வார்ப்புக் குண்டுகளை அப்படியே எடுத்துப்போவது சரிவராது. பேரலில் ஈயம் ஒட்டாமலிருக்கக் குண்டைச் சுற்றியுள்ள பள்ளத்தில் நிரப்பும் மெழுகு மசகுதான் லூப். கடைகளில் குச்சியாக விற்கும் கடின லூப்களில் கார்னோபா மெழுகோ பாரஃபினோ அதிகம். கார்னோபா உருகவே 82 டிகிரிக்கு மேல் வேண்டும். சைசருக்கு (குண்டை அளவாக்கி லூப் ஏற்றும் கருவி) அடியில் ஹீட்டர் வைத்தால்தான் குண்டின் பள்ளத்துக்குள் ஏறும். வெயிலில் வண்டிக்குள் கிடந்தாலும் வழியக்கூடாது என்று செய்த சரக்கு அது. மைனஸ் 15இல் பள்ளத்துக்குள் கண்ணாடிபோல் இறுகிக் கிடக்கும். சுடும்போது பேரலின் சுவரில் பரவாது. குண்டு வெளியே வந்ததும் ஒரு பக்கம் மட்டும் துண்டாகத் தெறிக்கும். எடை ஒரு பக்கம் சாய, குண்டு தள்ளாடும்.

அக்டோபர் 24

லூப்பைக் குறைசொல்லும் முன் அளவைப் பார்க்க வேண்டும். பேரலில் ஈயம் படிந்தாலே லூப் மோசம் என்கிறார்கள். பெரும்பாலும் குற்றவாளி மெலிந்த குண்டுதான். மென்மையான ஈயத் துண்டை பேரலுக்குள் தட்டி இறக்கி எடுத்து, அதில் பதிந்த பேரலின் உள்பள்ள விட்டத்தை மைக்ரோமீட்டரில் அளக்க வேண்டும். குண்டு அதைவிட 0.001 முதல் 0.002 அங்குலம் பெருத்திருக்க வேண்டும். இந்த .30-30 (ஒரு ரைஃபிள் தோட்டா வகை) பேரல் 0.308 அங்குலம், அதனால் 0.310 டை (குண்டை அளவாக்கும் அச்சு). உலோகம் வாகனச் சக்கரத்தைச் சமன்செய்யும் பழைய ஈய எடைக் கட்டி, கடினம் சுமார் 12 பிரினெல். குண்டின் அடியில் சூடான வாயுவைத் தடுக்கும் சிறு செப்புத் தொப்பி, கேஸ் செக். இவ்வளவும் சரியாக இருந்தால்தான் லூப் பற்றிப் பேச்சு.

அக்டோபர் 29

அடிப்படைக் கலவை: தேன்மெழுகு 100 கிராம், லித்தியம் கிரீஸ் 100 கிராம். தேன்மெழுகு 62–64 டிகிரியில் உருகும். தனியாக விட்டால் குளிரில் நொறுங்கும். கிரீஸில் இருக்கும் எண்ணெய்தான் அதை வளைய வைக்கிறது. ஆகவே எந்த கிரீஸ் என்பதே கேள்வி. டப்பாவில் அச்சிட்ட குறைந்தபட்ச வெப்பநிலையைப் படிக்க வேண்டும். சிந்தெடிக் எண்ணெயில் செய்தது மைனஸ் 40 வரை இளகியிருக்கும். சாதா மினரல் எண்ணெய் கிரீஸ் அதற்கு வெகு முன்னாலேயே விறைத்துவிடும்.

கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து மெழுகை உருக்குக. நேரடித் தீ வேண்டாம். 85 டிகிரியைத் தாண்டினால் மெழுகு நிறம் மாறும், இன்னும் ஏறினால் தீப்பற்றும். கிரீஸைக் கெட்டியாக்கும் சோப்புப் பகுதி இந்தச் சூட்டில் உருகாது. கிண்டிக்கொண்டே இருந்தால் கட்டி இல்லாமல் கலந்துவிடும். ஆறும்வரை கிண்ட வேண்டும், இல்லாவிட்டால் அடியில் ஒன்று மேலே ஒன்றாகப் பிரியும்.

விளக்கெண்ணெய் சேர்க்கலாமா? தேன்மெழுகோடு சரி. மினரல் எண்ணெயோடு அது மனமொத்துப் போகாது. சூட்டில் கலந்ததுபோல் தெரிந்து ஆறியதும் பிரிந்து வியர்க்கும்.

அமெரிக்க ரைஃபிள் சங்கத்தின் பழைய கலவை ஆலாக்ஸ் 2138எஃப் (ஒரு பெட்ரோலிய மசகு) பாதி, தேன்மெழுகு பாதி. மிதமான குளிருக்கு இன்றும் குறை சொல்ல முடியாது.

நவம்பர் 2

ஃப்ரீசர் சோதனை. லூப் நிரப்பிய குண்டுகளை ஓர் இரவு மைனஸ் 18இல் வைத்து, கையுறையோடு எடுத்து உடனே நகத்தால் அழுத்துக. நகத்தடம் விழுந்தால் நல்லது. வெடிப்பு விட்டால் கூடாது. பிறகு இடுப்புயரத்திலிருந்து மடித்த துண்டின்மேல் போடுக. லூப் பெயர்ந்து தனியே கிடந்தால் அந்தக் கலவைக்கு 10 கிராம் வாசலின் கூட்டி மறுபடி. மொத்த எடையில் ஐந்தில் ஒரு பங்குக்குமேல் வாசலின் போனால் வேறு தொல்லை தொடங்கும்.

அந்தத் தொல்லையையும் சோதிக்க வேண்டும்: குண்டைக் காகிதத் துண்டின்மேல் நிறுத்தி 45–50 டிகிரியில் ஒரு நாள். அடியில் எண்ணெய் வளையம் பரவினால், தோட்டாவுக்குள் அதே எண்ணெய் வெடிமருந்தை நனைக்கும். தெற்கு ஆல்பெர்ட்டாவில் இது வெறும் கோடைக் கவலை இல்லை. ராக்கி மலையிலிருந்து இறங்கும் வெப்பமான சினூக் காற்று அடித்தால் சில மணி நேரத்தில் 20 டிகிரி ஏறும். ஹீட்டர் போட்ட வண்டிக்குள் தோட்டாக்கள் இன்னும் சூடாகும். ஈரத்துணியில் இல்லை, உலர்ந்த துணியில் ஒவ்வொரு குண்டின் அடிப்பகுதியையும் துடைத்த பிறகே ஏற்ற வேண்டும்.

நவம்பர் 5

கராஜ் 4 டிகிரியில் இருந்தால் மென் லூப்கூட சைசரில் ஏறத் தயங்கும். பள்ளத்தின் ஒரு பக்கம் காலியாக நிற்கும். வீட்டுக்குள் வைத்து 18–20 டிகிரியில் செய்வது ஹீட்டரைவிட மேல். சமையலறையில் மட்டும் வேண்டாம். ஈயம் தொட்ட கை, ஈயம் பட்ட பாத்திரம் இரண்டுக்கும் அங்கே இடமில்லை.

நவம்பர் 11

வெளியே மைனஸ் 17. பனி விழுந்த நிலம் ஒரு வசதி: பேரல் வாய்க்கு முன்னால் தெறித்த லூப் துணுக்குகள் வெள்ளையில் அப்படியே தெரியும். பேரல் வாயைச் சுற்றி மெல்லிய சாம்பல் நிற எண்ணெய்ப் படலம் நட்சத்திரமாகப் படிந்திருந்தால் கடைசி அங்குலம்வரை லூப் போதுமானது. வாய் உலர்ந்து, பனியில் துணுக்குகள் என்றால் லூப் விறைத்திருக்கிறது.

வேட்டைக்குப் பத்து சூடுகள் எவ்வளவு நெருக்கமாக விழுகின்றன என்பது முக்கியமல்ல. முதல் சூடுதான் மானுக்கு. துப்பாக்கியை வெளியிலேயே வைத்து ஒரு சூடு. முழுதும் குளிர விட்டு இன்னொன்று. எல்லாம் ஒரே இலக்குத் தாளில். முதல் சூடு மட்டும் விலகுவதற்குக் காரணம், முந்தைய சூடுகள் விட்டுப்போன லூப் படலம் பேரலில் உறைந்து கிடப்பது. அடுத்த குண்டு அதை உரித்துக்கொண்டு போகிறது, வேகம் மாறுகிறது. மென் கலவையில் இந்த விலகல் குறையும். துடைத்த பேரலில் முதல் சூடு எங்கே போகிறது என்பதையும் தனியே குறித்துவைக்க வேண்டும்.

நவம்பர் 14

போல்ட்டுக்குள் (துப்பாக்கியில் தோட்டாவைப் பூட்டும் பகுதி) தடித்த கிரீஸ் இருந்தால் அதிலுள்ள ஊசி மெதுவாக அடித்து, தோட்டா வெடிக்காது. கரைப்பானில் கழுவி உலர்த்தி, கிராஃபைட் தூள் போதும். துப்பாக்கியை வெளியிலிருந்து வீட்டுக்குள் கொண்டுவரும்போது உறைக்குள்ளேயே சில மணி நேரம் விட வேண்டும். உடனே திறந்தால் உலோகம் முழுதும் நீர் வியர்க்கும்.

நவம்பர் 19

கறுப்பு மருந்து (பழைய வகை வெடிமருந்து) சுடுபவர்களுக்கு மேலே சொன்ன கலவை பொருந்தாது. பெட்ரோலிய எண்ணெய் அந்த மருந்து எரிந்து விடும் கரியோடு சேர்ந்து தார்போல் ஒட்டும். குளிர்காலக் காற்று வறண்டது. கரி இன்னும் இறுகும். தேன்மெழுகோடு கொழுப்பு, தாவர எண்ணெய், லானோலின் (ஆட்டு ரோம மெழுகு) என்று போக வேண்டும். குளிர் கூடக் கூட மெழுகின் பங்கைக் குறைக்க வேண்டும். 1857இல் என்ஃபீல்டு தோட்டாவில் பசுக் கொழுப்பா, பன்றிக் கொழுப்பா என்று வட இந்தியாவில் சிப்பாய்கள் கொதித்தெழுந்ததும் இந்த வகை மசகைப் பற்றித்தான்.

நவம்பர் 26

லூப்பே வேண்டாம் என்றால் பவுடர் கோட்டிங்: பாலியெஸ்டர் தூளைப் பூசி 200 டிகிரியில் 20 நிமிடம் சுட வேண்டும், சமையலுக்குப் பயன்படாத தனி அடுப்பில், காற்றோட்டமான இடத்தில். குளிர் அதைப் பாதிக்காது, வியர்க்காது, புகை குறைவு. பூச்சு விட்டத்தைக் கூட்டுவதால் பூசிய பிறகு மறுபடி டையில் தள்ள வேண்டும். மைனஸ் 25க்குக் கீழே போகும் வேட்டைக்கு நான் மெழுகோடு மல்லுக்கட்ட மாட்டேன், இதையே எடுப்பேன்.