ஒரே இமேஜ், தோட்டத்துக்கு ஒரு கான்ஃபிக்: பில்ட்ரூட்டில் நாங்கள் போட்டுக்கொண்ட பாதை

பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டினால் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகா. தென்னந்தோப்பும் தமிழும் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் வரை அப்படியே தொடர்கின்றன, மின்வாரியம்தான் மாறுகிறது. இரண்டு பக்கத் தோட்டங்களுக்கும் எங்கள் பட்டறை மோட்டார் கண்காணிப்புப் பெட்டி செய்து தருகிறது. உள்ளே சின்ன ஏஆர்எம் போர்டு, பில்ட்ரூட் என்ற கருவித்தொகுப்பால் கட்டிய லினக்ஸ், மஸ்கிட்டோ என்கிற எம்கியூடிடி புரோக்கர் (சென்சார்களின் செய்திகளை வாங்கி உரிய இடத்தில் சேர்க்கும் நிரல்), மோட்டாரைப் பார்த்துக்கொள்ளும் எங்கள் சொந்த சர்வீஸ். கிணற்று நீர்மட்டம் பார்க்கும் சென்சார்கள் வைஃபை வழியாகப் புரோக்கரிடம் பேசும்.

மென்பொருளை நாங்கள் கையில் எடுப்பதற்கு முன் ஒரு நிறுவனம் இதைச் செய்துகொண்டிருந்தது. ஒவ்வொரு தோட்டத்துக்கும் தனி இமேஜ், அதாவது பெட்டியில் மொத்தமாக ஏற்றும் மென்பொருள் கோப்பு. மும்முனை மின்சாரம் வரும் நேரம், எஸ்எம்எஸ் தமிழிலா மலையாளத்திலா, எந்த நம்பருக்குப் போக வேண்டும் என்பதெல்லாம் இமேஜுக்குள்ளேயே உறைந்து கிடந்தன. அவர்கள் கடைசியாக ஏற்றிய பதிப்புக்குப் பிறகு கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துத் தோட்டக்காரர் ஒருவர் கூப்பிட்டார். “ஏனுங் தம்பி, மோட்டாரு நல்லா ஓடுது. கெணத்துல தண்ணி எத்தன இருக்குதுன்னு மட்டும் போன்ல வரமாட்டீங்குது. கம்பெனிக்காரங்க வந்து என்னமோ ஏத்திட்டுப் போனதுலருந்துதானுங்க இப்படி.”

பெட்டிக்குள் நுழைந்து, எது எந்த முகவரியில் கேட்கிறது என்று காட்டும் நெட்ஸ்டாட் போட்டுப் பார்த்தேன். புரோக்கர் 1883ஆம் போர்ட்டில் உயிரோடுதான் இருந்தது, ஆனால் 127.0.0.1 என்ற முகவரியில் மட்டும். பெட்டிக்குள்ளேயே ஓடும் சர்வீஸுக்குக் கதவு திறந்திருக்கிறது, வெளியிலிருந்து வரும் சென்சாருக்கு இல்லை. 2020 டிசம்பரில் வந்த மஸ்கிட்டோ 2.0 செய்த மாற்றம் இது. கான்ஃபிக்கில் (அமைப்புக் கோப்பில்), எங்கே கேட்க வேண்டும் என்று சொல்லும் லிசனர் என்று ஒரு வரி இல்லாவிட்டால் உள்ளூர் முகவரியில் மட்டுமே அது கேட்கும். லிசனர் போட்டாலும், வெளிப்படையாக அனுமதித்தாலொழிய பாஸ்வேர்டு இல்லாதவரை உள்ளே விடாது. பாதுகாப்புக்கு மிக நல்ல மாற்றம். நிரல் 2.0க்குப் போய்விட்டது, ஓவர்லேயில் கிடந்த கான்ஃபிக்கோ 1.x காலத்தது, லிசனர் வரியே அதில் இல்லை.

பில்ட்ரூட்டில் ஓவர்லே என்பது எல்லாப் பேக்கேஜும் கட்டி முடிந்த பிறகு, டார்கெட் அடைவின் மேல் அப்படியே கொட்டப்படும் அடைவு. பேக்கேஜ் வைத்த கோப்பை அது சத்தமில்லாமல் மூடிவிடும். எச்சரிக்கை எதுவும் வராது. அந்த மௌனத்தைத்தான் முதலில் உடைக்க வேண்டும் என்று நினைத்தேன்.

கான்ஃபிக்கை யார் மாற்றுகிறார்கள் என்று பார்த்தால் வேலை தானே பிரிந்துவிடுகிறது. லிசனர், லாக், பாஸ்வேர்டு கட்டாயம் போன்றவற்றை நாங்கள் மட்டும்தான் மாற்றுவோம். அவை இமேஜுக்குள் இருக்கலாம். மின்சார நேரமும் எஸ்எம்எஸ் மொழியும் தோட்டத்துக்குத் தோட்டம் வேறு. ஆழியாற்றுத் தண்ணீர் மூலத்தறை வழியாக வாய்க்காலில் வரத் தொடங்கினால் போர்வெல் மோட்டாரின் நேரத்தையே சுருக்கச் சொல்வார்கள். அதற்காக ஒரு இமேஜைக் கட்டி, சோதித்து, பெட்டியில் ஏற்றுவது எந்த வகையிலும் நியாயமில்லை. அது எழுதக்கூடிய தனிப் பார்ட்டிஷனில்தான் இருக்க வேண்டும்.

முதலில் எங்கள் சர்வீஸின் பேக்கேஜ். பில்ட்ரூட்டின் தேர்வுப் பட்டியலான மெனுகான்ஃபிக்கில் ஒரு எழுத்துச்சரத் தேர்வு சேர்த்தேன்: தனிக் கான்ஃபிக் கோப்பின் பாதை. காலியாக விட்டால் மூலத்தோடு வரும் கோப்பு; பாதை கொடுத்தால் அந்தக் கோப்பு. கேட்க எளிது, செய்யும்போது இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். அந்தத் தேர்வுகளைக் கையாளும் கேகான்ஃபிக்கிலிருந்து வரும் எழுத்துச்சரம் இரட்டை மேற்கோள்களோடு வரும். நம் கண்ணுக்குக் காலி, பில்ட் கட்டளைகள் இருக்கும் மேக்ஃபைலுக்கு அது இரண்டு மேற்கோள் குறிகள் கொண்ட மதிப்பு. ‘காலியா’ என்று நேராகக் கேட்டால் ‘இல்லை’ என்றே பதில் வரும். பில்ட்ரூட் தரும் கியூஸ்ட்ரிப் வழியாக மேற்கோள்களை உரித்த பிறகுதான் ஒப்பிட வேண்டும். இன்னொன்று, பாதை தவறாக இருந்தால் இன்ஸ்டால் கட்டம் வரை போய் விழக்கூடாது. முழுதும் கம்பைல் ஆன பிறகு ‘கோப்பு இல்லை’ என்று கேட்பது பெரிய வேதனை. மேக்ஃபைல் வாசிக்கப்படும்போதே கோப்பு இருக்கிறதா என்று பார்த்து நிறுத்தச் சொன்னேன். ஆனால் இந்தச் சோதனை உண்மையான பில்ட் நடக்கும்போது மட்டும் ஓட வேண்டும். இல்லாவிட்டால் பாதையைத் திருத்த மெனுகான்ஃபிக்கைத் திறக்கக்கூட விடாது. அதற்கென்றே பில்ட்ரூட்டில் பிஆர்_பில்டிங் என்ற மாறி இருக்கிறது.

கோப்பைத் திருத்திவிட்டு வெறுமனே மேக் கொடுத்தால் ஒன்றும் நடக்காது என்பதைப் புதிதாக வருபவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு பேக்கேஜ் இன்ஸ்டால் ஆகிவிட்டது என்று முத்திரைக் கோப்பு இருக்கும் வரை பில்ட்ரூட் திரும்பிப் பார்க்காது. அந்தப் பேக்கேஜுக்கு மட்டும் ரீஇன்ஸ்டால் கொடுக்க வேண்டும். வாடிக்கையாளருக்குப் போகும் இமேஜ் என்றால் நான் எப்போதும் கிளீன் செய்துவிட்டு முழுதாகக் கட்டுகிறேன். நேரம் போனால் போகட்டும்.

மஸ்கிட்டோவின் பேக்கேஜ் எங்களுடையது அல்ல, அதைத் தொட விருப்பமில்லை. அதன் கான்ஃபிக்கை ஓவர்லேயிலேயே வைத்தேன், ஆனால் மிகச் சிறியதாக: லிசனர் வரி, பாஸ்வேர்டு கோப்பின் இடம், கடைசியில் இன்க்ளூட்_டிர் வரி. அந்த அடைவில் டாட் கான்ஃப் என்று முடியும் துண்டுகளை மஸ்கிட்டோ சேர்த்துப் படித்துக்கொள்ளும். அடைவை எழுதக்கூடிய பார்ட்டிஷனுக்குக் காட்டிவிட்டேன். இங்கே ஒரு சிக்கல் உண்டு. அந்த அடைவே இல்லையென்றால் மஸ்கிட்டோ பிழை சொல்லிவிட்டு நின்றுவிடும். புதுப் பெட்டியில் டேட்டா பார்ட்டிஷன் காலி; முதல் பூட்டிலேயே புரோக்கர் எழாது. அதனால் பார்ட்டிஷனை மவுன்ட் செய்து அடைவை உருவாக்கும் இனிட் ஸ்கிரிப்ட்டுக்கு (பூட்டின்போது ஓடுவது), புரோக்கர் ஸ்கிரிப்ட்டைவிடச் சிறிய எண் கொடுத்தோம். ஸ்கிரிப்ட்டுகள் பெயர் வரிசையில்தான் ஓடும்.

ஓவர்லேயின் மௌனத்துக்குப் போஸ்ட்பில்ட் ஸ்கிரிப்ட் மருந்தானது. ஓவர்லே கொட்டிய பிறகு அது ஓடுகிறது. இறுதி அடைவில் இருக்கும் மஸ்கிட்டோ கான்ஃபிக்கில் லிசனர் வரி இருக்கிறதா என்று தேடி, இல்லையென்றால் பில்டையே தோற்கடிக்கிறது. இரண்டு வரி ஸ்கிரிப்ட்தான். கெணத்துத் தண்ணி போனில் வராமல் போனதற்குக் காரணமான இமேஜ், இந்த இரண்டு வரி இருந்திருந்தால் அந்த நிறுவனத்தை விட்டு வெளியே போயிருக்காது.

பாஸ்வேர்டு கோப்பு மட்டும் இமேஜில் கிடையாது, நிரல்களைச் சேமித்து வைக்கும் கிட்டிலும் (Git) கிடையாது. பெட்டியைத் தோட்டத்தில் மாட்டும்போது மஸ்கிட்டோ_பாஸ்வேர்டு கருவியால் டேட்டா பார்ட்டிஷனில் உருவாக்கி, மஸ்கிட்டோ பயனர் படிக்க முடிகிறதா என்று அங்கேயே சோதிக்கிறோம். பிறகு பாஸ்வேர்டு மாற்றினால் புரோக்கருக்குச் சிக்ஹப் என்ற சிக்னலை அனுப்பினாலே போதும், புரோக்கர் திரும்பப் படித்துக்கொள்ளும். லிசனரை மாற்றினால் ரீஸ்டார்ட்தான்.

இப்போது செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே இமேஜ். வாய்க்காலில் தண்ணீர் விட்டார்கள் என்று தோட்டத்திலிருந்து போன் வந்தால், நேரக் கோப்பில் ஒரு வரியைத் திருத்திச் சர்வீஸை ரீஸ்டார்ட் செய்கிறோம். அடுத்து, பதிப்பு உயர்த்தும்போது அந்த நேரக் கோப்பின் பழைய வடிவத்தைப் புதிய சர்வீஸ் கண்டுபிடித்து மாற்றிக்கொள்ளும் வேலை பாக்கியிருக்கிறது. கோப்பின் முதல் வரியில் வடிவ எண் எழுதத் தொடங்கியிருக்கிறோம்.