ஆத்துக்கு அந்தப் பக்கம்

சனிக்கிழமைன்னா காலைல அஞ்சு மணிக்கே எந்திரிச்சிருவேன். ஷேவ் ரெண்டு தடவ பண்ணணும், ரெண்டாவது தடவ எதிர்ப்பக்கமா இழுக்கணும், பெறகு ஐஸ் கட்டிய துணில சுத்தி கன்னத்துல ஒத்தணும், இல்லேன்னா பவுடருக்கு அடியில பச்சையா தெரியும். அதுக்குள்ள இட்லி வெந்திருக்கணும், சின்னவன் எந்திரிச்சா பால் கேப்பான், பெரியவ தலைய விரிச்சுப் போட்டுட்டு சீப்போட வந்து நிப்பா. எங்க வீட்ல என் சம்சாரத்துக்கு நர்ஸ் வேலை, காலை டூட்டின்னா ஆறரைக்கே கிளம்பிருவாங்க, அதனால பிள்ளைங்க காலைப்பாடு பூரா என்னைக்குமே என் பாடுதான். சட்டை போட்ட நாள்லயும் ரெட்டைச் சடை பின்னி ரிப்பன் கட்டி மடிச்சு விடுறது நான்தான், பேன் சீப்பு போட்டு வாருறதும் நான்தான்.

வாரத்துல அஞ்சு நாள் பேண்ட் சட்டை. சனி ஞாயிறு சுடிதார், மனசு ரொம்ப ஆசைப்பட்டா சேலை. கல்யாணத்துக்கு முன்னாடியே அவங்ககிட்ட சொல்லிட்டேன், அழுதாங்க, ஒரு மாசம் பேசல, பெறகு அவங்களே எனக்கு ஒரு டஜன் கண்ணாடி வளையல் வாங்கிட்டு வந்தாங்க, அதப்பத்தி எழுதுனா தனியா எழுதணும். என்னைய திருநங்கைன்னு சொல்லிக்கிட எனக்குத் தயக்கமா இருக்கு, வீட்ட விட்டு வெளிய வந்து அடிபட்டு மிதிபட்டு அந்தப் பேர வாங்குனவங்க இருக்காங்க, வாரத்துல ரெண்டு நாள் மட்டும் இருக்குற நான் அத எப்படி எடுத்துக்கிட? அதேநேரம் இது வேஷமும் இல்ல. திங்கக்கிழமை சட்டைய மாட்டும்போதுதான் எனக்கு வேஷம் போடுத மாதிரி இருக்கு.

வீடு திருநெல்வேலி டவுன்ல. ரத வீதில எந்தக் கடைக்குப் போனாலும் எங்க அப்பாவத் தெரிஞ்ச அண்ணாச்சி ஒருத்தர் இருப்பாங்க. அதனால சனிக்கிழமை வேலையெல்லாம் ஆத்துக்கு அந்தப் பக்கம், பாளையங்கோட்டைல. வெயிலுக்காண்டி இங்க பொம்பளைங்க ஸ்கூட்டர்ல போகும்போது ஷால முகம் பூரா சுத்திக் கட்டிக்கிடுவாங்கல்லா, நானும் அதே மாதிரி கட்டி மேல ஹெல்மெட் மாட்டிக்கிடுவேன், முன்னாடி சின்னவன், பின்னாடி பெரியவ. ஜங்ஷன் தாண்டி சுலோச்சன முதலியார் பாலம் வந்ததும் மூச்சு லேசாயிரும். 1843-ல ஒரு மனுசர் தன் சொந்தப் பணத்தப் போட்டுக் கட்டுன பாலம் அது, தாமிரபரணிய பிள்ளைங்க எட்டிப் பாக்கும், நான் வண்ணாரப்பேட்டைல ஓரமா நிறுத்தி ஷால அவுத்து தோள்ல போட்டுக்கிடுவேன்.

காய்கறிக்கு மகாராஜநகர் உழவர் சந்தை. அதுக்கு ஒரு காரணம் இருக்கு, விலை போர்டுல எழுதியிருக்கும், பேரம் பேச வேண்டாம். எனக்கு குரல்தான் பெரிய பயம், முகத்த எப்படியும் சரி பண்ணிரலாம், தொண்டைய என்ன செய்ய? தக்காளி ஒரு கிலோ, முருங்கைக்காய் மூணு, அவ்வளவுதான் பேச்சு, மெதுவா இழுத்துப் பேசுனா தப்பிச்சிரலாம். ரேஷன் கடைக்கு மட்டும் சட்டைலதான் போவேன், விரல் ரேகைய மிஷின் எந்த ட்ரெஸ்லயும் ஏத்துக்கிடும், கடைக்காரருக்கு என்னையத் தெரியும். பிளவுஸ் தைக்க அளவு குடுக்க இன்னும் தைரியம் வரல, எங்க வீட்ல அவங்க பழைய பிளவுஸ ரெண்டு இஞ்ச் பிரிச்சு விட்டுத் தாராங்க.

ஒருநாள் வண்டிய சர்வீசுக்கு விட்டிருந்தேன், மூணு பேரும் டவுன் பஸ்ல ஏறிட்டோம். 2021 மே 8-ல இருந்து சாதா பஸ்ல பொம்பளைங்களுக்கு டிக்கெட் காசு இல்ல, கொஞ்ச நாள்லயே திருநங்கைகளையும் அதுல சேத்தாங்க. நான் கையில சில்லறைய இறுக்கிப் பிடிச்சுட்டு உக்காந்திருக்கேன், கண்டக்டர் வந்தாரு, என்னையப் பாத்தாரு, பெரியவளப் பாத்தாரு, ரெண்டு இலவச டிக்கெட்டக் கிழிச்சுக் குடுத்துட்டு சின்னவனுக்கு மட்டும் அரை டிக்கெட் காசு கேட்டாரு. நான் அசந்து உக்காந்திருந்தேன், சின்னவன்தான் என் கையில இருந்த சில்லறைய எடுத்துக் குடுத்தான். அந்த டிக்கெட்ட நான் பர்ஸ்ல வச்சிருக்கேன், மை மங்கிப்போச்சு. திங்கக்கிழமை அதே பஸ்ல ஏறுனா காசு குடுக்கணும், குடுக்கேன். ஆப்பரேசன் பண்ணிருக்கணும்னு கட்டாயம் இல்ல, ஒருத்தர் ஆணா பெண்ணா திருநங்கையான்னு அவங்கதான் சொல்லணும்னு 2014 ஏப்ரல் 15-ல சுப்ரீம் கோர்ட் சொல்லியாச்சு, 2019-ல வந்த சட்டத்துல கலெக்டருக்கு மனு போட்டு அடையாளச் சான்று வாங்கவும் வழி வச்சாங்க. நான் போடல. மனு போட்டா திங்கக்கிழமையும் நான் அதுவாத்தான் இருக்கணும், பிள்ளைங்க ஸ்கூல் பாரத்துல தகப்பனார் பேருன்னு ஒரு கட்டம் இருக்கு.

முதமுத நான் சேலை கட்டுனது குலசை, அதான் குலசேகரன்பட்டினம், தசராவுக்கு, பத்தொம்பது வயசுல. முத்தாரம்மனுக்கு நேந்துக்கிட்டு மாலை போட்டு விரதம் இருந்து காப்புக் கட்டி குறத்தி வேஷம் போட்டேன், எங்க ஆச்சிதான் கொசுவம் வச்சுக் கட்டி விட்டா, தெருத்தெருவா போனோம், எல்லாரும் கும்பிட்டு காணிக்கை போட்டாங்க. சூரசம்ஹாரம் முடிஞ்சு காப்ப அவுத்ததும் கூட வந்த பசங்க எல்லாம் சிரிச்சுக்கிட்டே சேலையத் தூக்கிப் போட்டானுவ, எனக்கு மட்டும் அழுகை வந்துச்சு, அம்மன் கோயில் கடல்ல முங்கிட்டு முகம் நனைஞ்ச மாதிரி வந்துட்டேன். வேண்டுதல்னா கும்பிடுற அதே தெரு, ஆசைன்னா ஏன் கல்ல எடுக்குதுன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்கு விளங்கல.

பிள்ளைங்க என்னைய என்னன்னு கூப்பிடுறதுங்குறதுதான் வீட்ல நாங்க ரொம்ப பேசுன விஷயம். அத்தைன்னு கூப்பிடச் சொல்லிப் பாத்தோம், பெரியவ கேட்டா, "அப்போ நீங்க அப்பா இல்லையா?" அதோட அந்தப் பேச்ச விட்டாச்சு. வெளிய போனா பேர் சொல்லாம பக்கத்துல வந்து கையத் தொட்டுக் கூப்பிடணும்னு ஒரு ஏற்பாடு. ஆறு வயசுப் பையனுக்கு ஏற்பாடெல்லாம் எத்தன நாளைக்கு? சந்தைல கீரை வாங்கிட்டு இருக்கேன், நாலு கடை தள்ளி நின்னுக்கிட்டு சத்தமா, "அப்பா, எனக்கு ஒண்ணுக்கு வருது!"

எனக்கு கை கால் ஓடல. பக்கத்துல நின்ன ரெண்டு பொம்பளைங்க திரும்பிப் பாத்தாங்க, பெரியவ முகம் செவந்துபோச்சு. கீரைக்கார ஆச்சி தலைய நிமிந்து என்னைய ஒரு பார்வை பாத்தா, கழுத்து, கை, வளையல், எல்லாத்தையும். கையில இருந்த அரைக்கீரைக் கட்ட என் பைக்குள்ள போட்டுக்கிட்டே சொன்னா, "எம்மா, புள்ள கூப்பிடுதுல்லா, போய் என்னன்னு கேளு, சில்லறைய பெறவு தா."

போனேன். போனா அடுத்த கவலை, எந்தப் பக்கம் கூட்டிட்டுப் போக? ஆம்பளைப் பக்கம் சுடிதாரோட போக முடியாது, பொம்பளைப் பக்கம் போக எனக்கு நெஞ்சு படபடங்குது, யாராச்சும் ஒருத்தர் கத்திட்டா பிள்ளைங்க முன்னாடி என்ன ஆகும். பெரியவதான் ஒண்ணும் பேசாம தம்பி கையப் பிடிச்சு கூட்டிட்டுப் போனா. நான் பைகள வச்சுக்கிட்டு வெளிய நின்னேன். பதினோரு வயசுப் பிள்ளை தலைல இத வைக்கக்கூடாதுன்னு அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரல. இப்போ வீட்ட விட்டுக் கிளம்புறதுக்கு முன்னாடி எல்லாரும் கட்டாயம் ஒரு தடவ போயிட்டுத்தான் வரணும், ஒரு மணி நேரத்துல வேலைய முடிச்சுட்டுத் திரும்பிருவோம்.

அடுத்த வாரம் பெரியவ சொன்னா, "டியூசனுக்கு வரும்போது மட்டும் சட்டை போட்டுட்டு வாங்கப்பா, என் பிரெண்ட்ஸ் இருப்பாங்க." சரிம்மான்னு சொன்னேன். வலிச்சுச்சு, இல்லைன்னு சொல்ல மாட்டேன், ஆனா அது அவ இடம், அங்க நான் யாரா வரணும்னு சொல்ல அவளுக்கு உரிமை இருக்கு. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் டியூசன் நாலரைக்கு முடியும், நான் நாலு மணிக்கே மூஞ்சி கழுவி வளையலக் கழட்டி வச்சிருவேன்.

போன ஞாயிறு அவசரத்துல கழுவிட்டு ஓடிட்டேன் போல. டியூசன் வாசல்ல பிள்ளைங்க எல்லாம் கூட்டமா வெளிய வருது, இவ நேரா வண்டிகிட்ட வந்தா, "அப்பா, கொஞ்சம் குனிங்க"ன்னா, குனிஞ்சேன். என் நெத்தில இருந்த ஸ்டிக்கர் பொட்ட நகத்தால எடுத்தா, கீழ போடுவான்னு நினைச்சேன், போடல, வண்டிக் கண்ணாடி ஓரத்துல ஒட்டிட்டு பின்னாடி ஏறி உக்காந்துட்டா. "போலாம்ப்பா, பசிக்குது"ன்னா. கண்ணாடிய நான் இன்னும் தொடைக்கல.