காது அடைப்பு: குறும்பியை ஊறவைத்து எடுப்பது எப்படி?

தலைக்குக் குளித்துவிட்டு வந்ததும் ஒரு பக்கக் காது கும்மென்று அடைத்துக்கொண்டது என்று சொல்லி வருபவர்களைக் காது மூக்கு தொண்டைப் பிரிவில் அடிக்கடி பார்க்கலாம். "தண்ணி உள்ள போயிடுச்சு, வெளிய வரமாட்டேங்குது" என்பார்கள். தண்ணீர் எப்போதோ வடிந்திருக்கும். ஏற்கெனவே முக்கால்வாசி வழியை மறைத்திருந்த குறும்பி அந்தத் தண்ணீரில் ஊறி உப்பி, மிச்சமிருந்த இடைவெளியையும் மூடியிருக்கும். கொஞ்சம் வழி இருந்தாலும் ஒலி உள்ளே போய்விடும். அதனால்தான் மாதக்கணக்கில் சேர்ந்த அடைப்பு ஒரே நிமிடத்தில் வந்ததுபோலத் தெரிகிறது.

குறும்பி அழுக்கு அல்ல, உடல் வேண்டுமென்றே செய்யும் பூச்சு. பெரியவர்களுக்குக் காதுத் துளை ஏறக்குறைய 2.5 செ.மீ. நீளம். வெளிப்புறம் உள்ள மூன்றில் ஒரு பங்கில்தான் முடியும் குறும்பிச் சுரப்பிகளும் இருக்கின்றன. அதற்கு உள்ளே எலும்பை ஒட்டிய மிக மெல்லிய தோல், அதை ஊக்கு முனை லேசாக உரசினாலே ரத்தம் கசியும். செவிப்பறையிலிருந்து தோல் மெல்ல மெல்ல வெளிநோக்கி நகர்ந்து குறும்பியையும் கூட்டிக்கொண்டு வரும். மெல்லும்போதும் பேசும்போதும் தாடை அசைவதும் அதற்குத் துணை. ஆகவே செவிப்பறையை ஒட்டிக் குறும்பி உறைந்து கிடந்தால், பெரும்பாலும் எதையாவது விட்டு உள்ளே தள்ளியிருக்கிறார்கள் என்று பொருள். பட்ஸ் முனையில் துளி மஞ்சள் ஒட்டி வரும், சுத்தமாகிவிட்டது என்ற திருப்தியும் வரும். மீதி எல்லாம் நாட்டுத் துப்பாக்கியில் மருந்து கெட்டிப்பதுபோல உள்ளே இறுகும். காது கேட்கும் கருவி, இயர்போன் ஆகியவற்றை நாள் முழுக்கச் செருகி வைப்பவர்களுக்கும், துளை இயல்பிலேயே குறுகியவர்களுக்கும், வயதானவர்களுக்கும் இது அதிகம். வயதாக ஆகக் குறும்பி வறண்டு கெட்டியாகும்.

அடைப்பு, மந்தமான கேட்பு, தன் குரலே தலைக்குள் ஒலிப்பது, இரைச்சல், அரிப்பு, லேசான வலி, சிலருக்குத் தலைசுற்றல் ஆகியவை அறிகுறிகள். காரணம் புரியாத வறட்டு இருமலும் வரலாம். தொண்டைக்குப் போகும் வேகஸ் நரம்பின் ஒரு கிளை காதுத் துளைக்கும் வருவதால், குறும்பி அதைத் தொட்டுக்கொண்டிருந்தால் தொண்டையில் இருமல் கிளம்பும். சுத்தம் செய்யும்போது சிலர் இருமுவதும், அபூர்வமாக மயக்கம் வருவதும் இந்த நரம்பால்தான். காது கேட்கும் கருவி திடீரென்று விசிலடிக்கத் தொடங்கினால், கருவியைப் பழுதுபார்க்கக் கொடுக்கும் முன் காதைப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

அடைப்பெல்லாம் குறும்பி அல்ல. இந்த இடத்தில் தவறினால்தான் பெரிய இழப்பு. வாயை மூடிக்கொண்டு "ம்ம்ம்" என்று முனகிப் பாருங்கள். அடைத்த காதில் சத்தம் கூடுதலாகக் கேட்டால், வெளிக்காதிலோ நடுக்காதிலோ ஏதோ மறிக்கிறது என்று கொள்ளலாம். மாறாக நல்ல காதுப் பக்கம் சத்தம் ஒதுங்கினால், அடைத்த காதின் நரம்பு பாதித்திருக்கலாம். 512 ஹெர்ட்ஸ் இசைக்கவையை நெற்றியில் வைத்து மருத்துவர் பார்ப்பதும் இதே தத்துவம்தான். முனகல் சோதனை சந்தேகத்தைக் கூட்டவோ குறைக்கவோ உதவும், முடிவு சொல்லாது. ஒரு காது சில மணி நேரத்திலிருந்து மூன்று நாட்களுக்குள் திடீரென்று செவிடானால், சொட்டு மருந்து விட்டுக் காத்திருக்காமல் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். நரம்பு பாதிப்புக்கு ஸ்டீராய்டு மருந்தை முதல் இரண்டு வாரத்துக்குள், முடிந்தவரை சீக்கிரம் தொடங்கினால்தான் பலன் எதிர்பார்க்க முடியும். "குறும்பியாத்தான் இருக்கும்" என்று ஒரு மாதம் எண்ணெய் விட்டுவிட்டு வருபவர்களைப் பார்க்கும்போது மனம் மிகவும் கனக்கிறது.

குறும்பிதான் என்று தெரிந்தபின், எடுப்பது கடைசி ஐந்து நிமிட வேலை. அதற்கு முந்தைய மூன்று முதல் ஐந்து நாள் ஊறல்தான் உண்மையான சிகிச்சை. ஆனால் சொட்டு விடுமுன் செவிப்பறையில் ஓட்டை இல்லை என்று உறுதி வேண்டும். சிறு வயதில் காதில் சீழ் வடிந்ததா, காதில் அறுவைச் சிகிச்சை நடந்ததா, செவிப்பறையில் சிறு குழாய் வைத்தார்களா, மூக்கைப் பிடித்து ஊதினால் காது வழியே காற்று வருகிறதா, முன்பு காதில் விட்ட மருந்து தொண்டையில் கசந்ததா? இதில் ஒன்றுக்கு ஆம் என்றாலும் வீட்டில் எதையும் விடக்கூடாது. கடும் வலி, சீழ், நாற்றம், ரத்தம் இருந்தாலும் அப்படியே.

எந்தச் சொட்டு? 5 சதவீத சோடியம் பைகார்பனேட், அதாவது அரசு மருத்துவமனைகளில் தரும் சோடா கிளிசரின், நன்றாக வேலை செய்யும். ஆலிவ் எண்ணெயும் போதும். கடையில் அதிகம் விற்கும் கலவையில் பாராடைகுளோரோபென்சீன், பென்சோகெயின், குளோர்பியூட்டால், டர்பன்டைன் எண்ணெய் இருக்கும். தோலில் கீறல் இருந்தால் அது எரியும், அதைச் சில நாட்களுக்கு மேல் தொடரவும் கூடாது. சில வெளிநாட்டுச் சொட்டுகளில் நிலக்கடலை எண்ணெய் கலந்திருக்கும் என்பதால், கடலை ஒவ்வாமை உள்ளவர்கள் பெட்டியைப் படித்துவிட்டு வாங்க வேண்டும். ஒரு சொட்டு இன்னொன்றைவிடத் தெளிவாகச் சிறந்தது என்று ஆய்வுகள் நிறுவவில்லை, எனவே விலை அதிகமானதைத் தேட வேண்டியதில்லை. விடும் முறைதான் முக்கியம்.

குப்பியை உள்ளங்கையில் சில நிமிடம் பொத்தி வைத்து, உடல் சூட்டுக்குக் கொண்டுவாருங்கள். அடைத்த காது மேலே இருக்கும்படி ஒருக்களித்துப் படுக்க வேண்டும். பெரியவர்களுக்குக் காது மடலை மேலும் பின்னுமாக இழுத்தால் வளைந்த துளை நேராகும், கைக்குழந்தைகளுக்குக் கீழும் பின்னுமாக. நான்கைந்து சொட்டு, துளையின் சுவரோரமாக வழியும்படி. நடுவில் விட்டால் காற்று சிக்கிக்கொண்டு மருந்து மேலேயே நிற்கும். துளைக்கு முன்னால் இருக்கும் சிறு மேட்டை விரலால் நாலைந்து முறை அமுக்கி விட்டால் காற்று வெளியேறி மருந்து இறங்கும். அப்படியே ஐந்து முதல் பத்து நிமிடம் கிடக்க வேண்டும். எழுந்ததும் வழிவதை வெளியே துடைத்தால் போதும். பஞ்சு வைத்து அடைத்தால் மருந்தைப் பஞ்சு குடித்துவிடும். ஒரு நாளைக்கு மூன்று வேளை, மூன்றிலிருந்து ஐந்து நாள்.

இரண்டாம் நாள் அடைப்பு அதிகமாகும். இதை முதலிலேயே சொல்லி அனுப்பாவிட்டால், மருந்து வேலை செய்யவில்லை என்று பயந்து ஹேர்பின்னை எடுத்துவிடுவார்கள். ஊறிய குறும்பி உப்புவதால் வரும் அடைப்பு அது, மருந்து உள்ளே இறங்கியிருக்கிறது என்பதற்கு அடையாளம். பலருக்கு இத்துடனேயே குறும்பி துண்டு துண்டாகத் தானே வெளியே வந்துவிடும். வலியோ தலைசுற்றலோ சேர்ந்துகொண்டால் மட்டும் மருந்தை நிறுத்திவிட்டு வர வேண்டும்.

வீட்டில் செய்யக்கூடாத சில காரியங்கள் உண்டு. குழிக்கரண்டியில் நல்லெண்ணெயும் பூண்டும் காய்ச்சிச் சூடாக விடுவது பல வீடுகளில் நடக்கிறது. விரலுக்கு இதமாகத் தோன்றும் சூடு அந்த மெல்லிய தோலைப் புண்ணாக்கிவிடும். காதில் பூஞ்சை பிடித்திருப்பது தெரியாமல் குறும்பி என்று நினைத்து எண்ணெய் விடுவதும் சகஜம். குறும்பி தேன் நிறத்திலிருந்து கரும்பழுப்பு வரை மினுமினுக்கும். பூஞ்சையோ நனைந்த செய்தித்தாள்போல் சாம்பலும் வெள்ளையுமாக, ஊடே கறுப்புப் புள்ளிகளோடு இருக்கும், அரிப்பு தாங்க முடியாது. அதற்கு மருந்தே வேறு. காதில் செருகிக் கொளுத்தும் மெழுகுத் திரி எதையும் உறிஞ்சுவதில்லை. எரிந்த பின் திரிக்குள் தெரிவது அந்தத் திரியின் மெழுகுதான். முகத்தையும் காதையும் சுட்டுக்கொண்டவர்கள் உண்டு, அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமே எச்சரித்திருக்கிறது. செல்போனில் படம் காட்டும் கேமரா கரண்டிகளும் இப்போது வந்துவிட்டன. தட்டையான திரையில் ஆழம் தெரியாது, பக்கத்தில் இருப்பவர் முழங்கையைத் தட்டினால் செவிப்பறை போய்விடும்.

ஊறியது தானாக வராவிட்டால் மருத்துவமனைக்குப் போக வேண்டும். முதலில் ஓட்டோஸ்கோப் விளக்கால் பார்ப்பார்கள். தண்ணீர் அடித்து எடுப்பதென்றால் தோளில் துண்டு போட்டு, காதுக்குக் கீழே அவரை விதை வடிவத் தட்டை உங்களையே பிடித்துக்கொள்ளச் சொல்வார்கள். தண்ணீர் 37 டிகிரியில் இருக்க வேண்டும், அதைவிடக் குளிர்ந்தாலும் சுட்டாலும் அறையே சுழலும். உட்காதின் திரவம் சூட்டுக்கேற்ப ஓடத் தொடங்குவதுதான் காரணம். வியன்னாவில் நோயாளிகளின் காதைக் கழுவும்போது ராபர்ட் பாராணி இதைக் கவனித்து, சமநிலை உறுப்பைச் சோதிக்கும் முறையாகவே வளர்த்தெடுத்தார். 1914-ஆம் ஆண்டுக்கான மருத்துவ நோபல் பரிசு அதற்குத்தான். ஆகவே தலை சுற்றினால் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்காதீர்கள், "சுத்துது" என்று உடனே சொல்லிவிடுங்கள். தண்ணீரின் சூட்டைச் சரிபார்க்க அது போதும்.

தண்ணீரைச் செவிப்பறைக்கு நேராகப் பீய்ச்சுவதில்லை. துளையின் மேல்-பின் சுவரை நோக்கி அடித்தால், நீர் குறும்பிக்குப் பின்னால் போய்த் திரும்பி வந்து அதைத் தள்ளும். வலி வந்தால் அங்கேயே நிறுத்த வேண்டும். பிரிட்டனில் 2018-இல் வந்த வழிகாட்டுதல் கையால் அழுத்தும் சிரிஞ்சே வேண்டாம், அழுத்தம் கட்டுப்படுத்திய மின்கருவிதான் என்கிறது. நம் ஊரில் பழைய உலோகச் சிரிஞ்சு இன்னும் புழக்கத்தில் உண்டு. அதன் முனை இறுகப் பூட்டியிருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் சரிபார்க்காவிட்டால், முனை கழன்று காதுக்குள் பாயும் ஆபத்து இருக்கிறது. குறும்பி அசையாவிட்டால் காதில் நீர் நிரப்பி 15 நிமிடம் விட்டு மீண்டும் ஒரு முறை முயலலாம். அப்போதும் வராவிட்டால் நிறுத்திவிட்டுச் சிறப்பு மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். மூன்றாவது, நான்காவது என்று அழுத்தம் கூட்டும்போதுதான் காயம் நடக்கிறது.

சரியாக ஊறியிருந்தால் கரும்பழுப்பு உருண்டை ஒன்று தட்டில் விழும். துளையின் வளைவு அப்படியே அச்செடுத்தாற்போல் இருக்கும், நடுவே இரண்டொரு முடியும், சில சமயம் பட்ஸின் பழைய பஞ்சும். அந்த நொடியே மின்விசிறிச் சத்தம் பெரிதாகக் கேட்கும். பிறகு துளையை உலர்த்தி, செவிப்பறையை மறுபடி பார்க்காமல் நாற்காலியை விட்டு எழ விடக்கூடாது. பின்னால் வேறு நோய் மறைந்திருந்தால் அப்போதுதான் தெரியும். குறும்பி போயும் கேட்பு திரும்பாவிட்டால் கேட்புத் திறன் பரிசோதனை அவசியம்.

செவிப்பறையில் ஓட்டை உள்ளவர்கள், காது அறுவைச் சிகிச்சை ஆனவர்கள், ஒரு காது மட்டுமே கேட்பவர்கள் ஆகியோருக்குத் தண்ணீர் கூடாது. நுண்ணோக்கியில் பார்த்தபடி, உறிஞ்சி எடுக்கும் சக்ஷன் குழாயாலோ வளைந்த கொக்கியாலோ எடுப்பார்கள். சக்ஷன் சத்தம் காதுக்குள் பலமாகக் கேட்கும், காற்றின் குளிர்ச்சியால் லேசாகச் சுற்றலாம், பெரும்பாலும் வலி இருக்காது. சர்க்கரை நோயாளிகள் கட்டாயம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். கழுவிய காதில் ஈரம் தங்கிச் சூடோமோனாஸ் கிருமி தொற்றினால், அது எலும்புவரை பரவக்கூடியது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்களுக்குச் சிறு உரசலிலும் கசிவு வரும், அதையும் சொல்லுங்கள்.

குழந்தைகள் காதை இழுத்துக்கொண்டு அழுதால் குறும்பி என்று முடிவு கட்டக்கூடாது. பயறு, கொண்டைக்கடலை போட்டிருந்தால் தண்ணீர் பட்டதும் ஊதிச் சிக்கிக்கொள்ளும். பட்டன் பேட்டரி என்றால் ஒரு சொட்டும் விடாமல் உடனே ஓட வேண்டும், சில மணி நேரத்தில் அது திசுவை அரித்துவிடும். உயிரோடு பூச்சி போயிருந்தால் மட்டும், செவிப்பறை நன்றாக இருக்கும் பட்சத்தில், வெதுவெதுப்பான எண்ணெய் சில துளி விட்டு அதை அசையாமல் செய்துவிட்டுக் கூட்டிவரலாம்.

எடுத்தபின் இரண்டு மூன்று நாள் காதில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வலியோ சீழோ வந்தால் மறுபடி காட்ட வேண்டும். திரும்பத் திரும்ப அடைக்கும் காது உள்ளவர்கள் வாரம் ஒரு முறை இரண்டு மூன்று சொட்டு ஆலிவ் எண்ணெய் விட்டுவந்தால் குறும்பி இளகி வெளியே நகரும். காது கேட்கும் கருவி போடுபவர்கள் அதை இரவில் கழற்றியபின் எண்ணெய் விட்டு, காலையில் துளை வாயைத் துணியால் ஒற்றிய பிறகே கருவியை மாட்ட வேண்டும். கருவி முனையில் இருக்கும் சின்ன வடிகட்டி அடைத்தாலும் காது கேட்காததுபோலவே இருக்கும் என்பதால், அதையும் குறித்த காலத்தில் மாற்றிவிட வேண்டும்.