மணி எப்போ அடிப்பாங்க?

வீட்டுக்கு வந்த முதல் நாள் மதியம், சாப்பிட்டு முடித்ததும் மகள் தட்டைத் தானே கழுவி, அடுப்படி வாசலில் கவிழ்த்து வைத்துவிட்டுச் சுவரோரமாக நின்றாள். "ஏன்டா நிக்கிற?" என்றேன். "தூங்குற மணி எப்போ அடிப்பாங்க?" என்று கேட்டாள். நாங்கள் தத்தெடுக்கும் முன் அவள் இருந்த குழந்தைகள் இல்லத்தில் எழுந்திருக்க, சாப்பிட, படிக்க, தூங்க, எல்லாவற்றுக்கும் மணி. எங்கள் வீட்டில் வாசல் காலிங் பெல்கூட வேலை செய்யாது. அப்போது அவளுக்கு ஆறு வயது.

அதற்கு முந்தைய கதை நான்கு வருடம். 2019-இல் காரா என்று எல்லோரும் சொல்லும் மத்திய தத்தெடுப்பு வள ஆணையத்தின் தளத்தில் பதிவு செய்தோம். பான், ஆதார், வருமானச் சான்று, திருமணச் சான்று, மருத்துவச் சான்று என்று எல்லாம் ஏற்றி, 6000 ரூபாய் கட்டியதும் வீட்டைப் பார்த்து அறிக்கை எழுத ஒரு சமூகப் பணியாளர் வந்தார். முந்தின ராத்திரி நான் திரைச்சீலையெல்லாம் துவைத்துப் போட்டிருந்தேன். அவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. என் மாமியாரிடம், "பிள்ளை வந்தா நாலு பேருகிட்ட யாருன்னு சொல்லுவீங்க?" என்று கேட்டார். "பேத்தின்னுதான். வேற என்னத்தச் சொல்ல?" என்றார் அத்தை. முந்தின வாரம் வரை "சொந்தத்துலயே ஒண்ணைச் சுவீகாரம் எடுத்துக்கலாமே" என்று சொல்லிக்கொண்டிருந்தவர்.

எல்லோரையும் போல நாங்களும் இரண்டு வயதுக்குள் கேட்டோம். வரிசை நகரவே இல்லை. அறிக்கை மூன்று வருடம்தான் செல்லும், 2022-இல் புதுப்பிக்க வந்தபோது அந்தச் சமூகப் பணியாளர் அம்மா, "கைக்குழந்தைதான் வேணும்னு அவ்வளவு உறுதியா இருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார். ஒரு வாரம் வீட்டில் இதே பேச்சு. பெரிய பிள்ளை என்றால் பழைய நினைவெல்லாம் இருக்குமே என்றார் என் கணவர். இருக்கட்டுமே, நமக்கும்தான் இருக்கிறது என்றேன். சொல்லும்போது பெரிய தைரியசாலி மாதிரிதான் இருந்தது.

வயதை மாற்றிக் கொடுத்த சில மாதங்களில் தகவல் வந்தது. ஒரு போட்டோ, குழந்தையைப் பற்றிய அறிக்கை, மருத்துவ அறிக்கை. நமக்கென்று ஒதுக்கிக்கொள்ள 48 மணி நேரம்தான். தெரிந்த குழந்தை டாக்டர் படித்துப் பார்த்து, "எடை கொஞ்சம் கம்மி, அவ்வளவுதான்" என்றார். பக்கத்து மாவட்டத்துக்குப் போய்ப் பார்த்தோம், கையெழுத்துப் போட்டோம், தத்துக் கொடுக்கும் நிறுவனத்துக்குரிய 50,000 ரூபாயைக் கட்டினோம். அதற்கு மேல் யாரும் ஒரு பைசா கேட்கவில்லை. உங்களிடம் யாராவது கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

முன்பு கோர்ட்டில் வாங்க வேண்டியிருந்த தத்து ஆணையை 2022 செப்டம்பரிலிருந்து கலெக்டரே தருகிறார். அது வரும்வரை பிள்ளை நம்மிடம் இருப்பதற்குத் தத்துக்கு முந்தைய வளர்ப்புப் பராமரிப்பு என்று பெயர். விருந்தாளி மாதிரி. அவளும் அப்படித்தான் இருந்தாள். தண்ணீர் குடிக்கக்கூட அனுமதி கேட்டாள்.

லீவு விஷயத்தில்தான் எனக்கு இன்னும் ஆத்திரம். தத்தெடுக்கும் தாய்க்கு 12 வார விடுப்பு என்று 2017-இல் சட்டம் திருத்தியிருந்தார்கள், ஆனால் அப்போதைய விதிப்படி குழந்தை மூன்று மாதத்துக்குள் இருக்க வேண்டுமாம். கைவிடப்பட்ட பச்சிளங்குழந்தையைத் தத்துக்குத் தகுதியானது என்று அறிவிக்கவே இரண்டு மாதம் வரை ஆகலாம். அப்புறம் எங்கே மூன்று மாதக் குழந்தை கைக்கு வருவது? ஆறு வயதுப் பிள்ளைக்கு எதற்கு லீவு என்று அலுவலகத்தில் கேட்டார்கள். சம்பளமில்லாமல் எடுத்தேன்.

முதல் நாளே அவள் என்னை "அம்மா" என்றாள். பாத்ரூமுக்குள் போய் அழுதேன். மறுநாள் எதிர்வீட்டு அக்காவையும் கீரைக்காரரையும் அதே குரலில் "அம்மா" என்றாள். இல்லத்தில் வார்டன், சமையல்காரர், ஞாயிற்றுக்கிழமை கேக் கொண்டுவருபவர், எல்லோருமே அம்மாதான்.

மூன்றாவது வாரம் அவள் தலையணை உறைக்குள் எறும்புச் சாரை போனது. உள்ளே நாலு பிஸ்கட், பூஞ்சை பிடித்த பாதி இட்லி, ஒரு ஊறுகாய்ப் பாக்கெட். வாய்வரை வந்த திட்டை விழுங்கினேன். ஆலோசகரிடம் கேட்டபோது, பிடுங்காதீர்கள், அவளுக்கென்று ஒரு டப்பா கொடுங்கள், அது காலியாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். பாத்திரக் கடையில் எவர்சில்வர் டப்பா வாங்கினோம். பெயர் வெட்டுகிறவர் இனிஷியல் என்ன என்று கேட்டார். இல்லத்தில் அவளுக்கு ஏதோ ஓர் எழுத்துப் போட்டிருந்தார்கள். யாருடைய எழுத்து என்று அவளுக்குத் தெரியாது. அவள் அப்பாவைப் பார்த்தாள். அவர் தன் பெயரின் முதல் எழுத்தைச் சொன்னார். பெயர் அவளுடையதே இருக்கட்டும் என்று முன்பே முடிவு செய்திருந்தோம்.

தினமும் ராத்திரி அவள் தூங்கியதும் டப்பாவை நிரப்பி வைப்பேன். ஏழெட்டு மாதம் இப்படி ஓடியது.

இதற்கு நடுவே நான்காம் மாதம் அந்த நல்ல பிள்ளை காணாமல் போனாள். நோட்டைக் கிழித்தாள், அத்தையின் கண்ணாடியை உடைத்தாள், "நீ எங்கம்மா இல்ல, நான் வார்டன் அம்மாகிட்டயே போறேன்" என்று டப்பாவைத் தூக்கி எறிந்தாள். மூலையில் நசுங்கிவிட்டது. தண்ணீர் குடிக்க அனுமதி கேட்பது மட்டும் அந்த மாதத்தில்தான் நின்றது.

விசேஷ வீடுகளில் "எவ்வளவு பெரிய புண்ணியம்!" என்பார்கள், அவள் தலைக்கு மேலேயே. ஒருநாள் ஆட்டோவில் வரும்போது, "புண்ணியம்னா நான்தானாம்மா?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு இரண்டு கல்யாணங்களுக்கு நான் போகவில்லை.

பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று இரண்டு வருடம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை சமூகப் பணியாளர்கள் வந்து பார்ப்பார்கள். இரண்டாம் முறை வந்தவர் எப்படி இருக்கிறாய் என்று தனியாகக் கேட்டதற்கு, "சோறு நல்லாப் போடுறாங்க. ஆனா ரொம்பக் கேள்வி கேக்குறாங்க" என்றாளாம்.

டப்பாவில் இப்போது ஹேர் கிளிப்பும் ரப்பர் பேண்டும்தான் கிடக்கின்றன. செல்போன் தராத அன்று "இனிஷியலை அழிச்சிடுவேன்" என்று மிரட்டுகிறாள். வெட்டின எழுத்து அழியாது என்று அவள் அப்பா சொல்லிவிட்டார். நம்பாமல் ஒரு சாயங்காலம் முழுக்கக் கம்பி நார் வைத்துத் தேய்த்துப் பார்த்தாள்.