கொலை பாட்காஸ்ட் கேட்கும்போது தேதி போட்டுக் கேளுங்கள்

மும்பை லோக்கல் ரயிலில் செம்பூரில் ஏறி சிஎஸ்எம்டியில் இறங்குவதற்குள் ஒரு எபிசோடு ஓடிவிடும். ஹார்பர் லைன் கூட்டத்தில் தொங்கிக்கொண்டே துப்பு துலங்காத வெளிநாட்டுக் கொலைகளைக் கேட்கிறவர்களுக்கு ஒரே ஒரு பழக்கத்தைச் சொல்வேன். கேட்கிற ஒவ்வொரு தகவலுக்கும் இரண்டு தேதி குறித்துக்கொள்ளுங்கள்: அது நடந்த தேதி, அது போலீஸுக்குத் தெரியவந்த தேதி. போனில் இருக்கும் நோட்ஸ் போதும். பெயர்கள் ரயில் இரைச்சலில் அடிபட்டுப் போகும் என்பதால் டிரான்ஸ்கிரிப்ட் உள்ள தொடராகப் பார்த்து எடுங்கள். 1.5 வேகம் வேண்டவே வேண்டாம்.

இந்த இரண்டு தேதிகளையும் கலைத்துப் போடுவதில்தான் பாதித் திகில் பிறக்கிறது. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு, சோமர்டன் கடற்கரைப் பிணம் நல்ல உதாரணம். மர்மச் சீட்டு, சங்கேத எழுத்து, விஷம், உளவாளி என்று முதல் எபிசோடிலேயே எல்லாம் வந்து விழும். தேதி போட்டுப் பாருங்கள். பிணம் கிடைத்தது 1948 டிசம்பர் 1. ரயில் நிலையத்தில் அவருடைய பெட்டி சிக்கியது 1949 ஜனவரியில். கால்சட்டையின் சின்னப் பையில் சுருட்டிச் செருகியிருந்த சீட்டு கண்ணில் பட்டது அதற்கும் சில மாதங்கள் கழித்து. புதைத்தது ஜூனில். அந்தச் சீட்டு கிழிக்கப்பட்ட, பாரசீகக் கவிஞர் உமர் கய்யாமின் கவிதைப் புத்தகமும், அதில் இருந்த சங்கேத எழுத்தும் போலீஸ் கைக்கு வந்தது ஜூலையில்! பிரேதப் பரிசோதனை செய்த டாக்டருக்கு இந்த உளவாளிக் கதை எதுவுமே தெரியாது. விஷமாக இருக்கலாம் என்று சந்தேகப்பட்டார்கள், சோதனையில் ஒன்றும் அகப்படவில்லை. பிணத்தை வைத்து எடுத்த பிளாஸ்டர் வார்ப்பில் ஒட்டியிருந்த முடியின் டிஎன்ஏவைக் கொண்டு, அவர் மெல்போர்ன்காரர் கார்ல் வெப் என்று பேராசிரியர் டெரெக் அபாட் 2022-இல் அறிவித்தார். கொலையா என்பது இன்றுவரை நிரூபணமாகவில்லை.

நார்வேயின் பெர்கன் நகருக்கு வெளியே 1970 நவம்பர் 29 அன்று கருகிக் கிடந்த பெண் விஷயமும் இதே ரகம். நுரையீரலில் கரி இருந்தது, அதாவது தீப்பற்றியபோது உயிர் இருந்திருக்கிறது. உடலில் தூக்க மாத்திரையும் இருந்தது. போலீஸ் எழுதிய முடிவு தற்கொலை. பொய்ப் பெயர்களில் ஹோட்டல் ஹோட்டலாகத் தங்கியவர் என்பதால் அந்த முடிவை நம்புகிறவர்கள் குறைவு, எனக்கும் நம்பிக்கையில்லை. ஆனால் நம்பாமல் இருப்பது சாட்சியம் ஆகாது. பல் எனாமல் சிறுவயதில் உருவாகும்போது அந்த ஊர்த் தண்ணீர், சாப்பாட்டின் ஐசோடோப் (ஒரே தனிமத்தின் வெவ்வேறு எடை அணுக்கள்) விகிதம் அதில் பதிந்துவிடும், பிறகு மாறாது. அதை வைத்து ஜெர்மனியின் நியூரம்பர்க் பக்கம் வளர்ந்தவர் என்கிறார்கள். அந்தச் சோதனை வட்டாரத்தைக் காட்டும், வீட்டு விலாசத்தைத் தராது.

இம்மாதிரி வழக்குகளில் கரோனர் என்ன எழுதினார் என்பதைத் தேடிப் பிடியுங்கள். மும்பைக்கு அந்தப் பதவி புதிதல்ல, 1990-களின் கடைசிவரை இங்கேயும் கரோனர் இருந்தார். அவர் வேலை யார், எப்போது, எப்படிச் செத்தார் என்பதைச் சொல்வது. குற்றவாளியைத் தீர்மானிப்பது அவர் வேலையில்லை. பாட்காஸ்ட்டில் இந்தக் கோடு அடிக்கடி அழிந்துபோகும்.

2018-க்குப் பிறகு எடுத்த தொடர்களில் வம்சாவளி டிஎன்ஏ, அதாவது உறவினர்களின் டிஎன்ஏ வழியாக ஆளைக் கண்டுபிடிக்கும் முறை, வராமல் இருக்காது. இருவருக்கும் எள்ளுத்தாத்தா ஒருவரே என்கிற தூரத்து உறவுக்குச் சராசரியாக 70 சென்டிமார்கன் (டிஎன்ஏ ஒற்றுமையை அளக்கும் அலகு) அளவு டிஎன்ஏ ஒத்துப்போகும். அதைப் பிடித்துக்கொண்டு குடும்ப மரம் வரைகிறார்கள். தலைமுறை தலைமுறையாக அத்தை மகன், மாமன் மகள் என்று கட்டிக்கொண்ட நம் குடும்பங்களில் இந்தக் கணக்கு குழம்பிவிடும். உண்மையில் தூரத்து உறவு, எண்ணில் நெருங்கிய உறவாகத் தெரியும்.

செல்போன் டவர் என்று சொன்னாலும் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். 'சீரியல்' தொடரால் பிரபலமான பால்டிமோர் வழக்கில், போன் கம்பெனி அனுப்பிய ஃபேக்ஸின் முகப்புத் தாளிலேயே, வெளியே போன அழைப்புகளுக்கு மட்டுமே இருப்பிடத் தகவலை நம்பலாம், உள்ளே வந்த அழைப்புகளுக்கு நம்பக்கூடாது என்று இருந்தது. அந்த வழக்கில் தொடர் வந்தது 2014-இல். கொலைக் குற்றவாளி என்று சிறையில் இருந்த அத்னான் சையத்தின் தண்டனைத் தீர்ப்பு 2022-இல் ரத்தானது, 2023-இல் திரும்ப உயிர்பெற்றது, 2025-இல் சிறையில் இருந்த காலமே போதும் என்று விட்டார்கள். குற்றவாளி என்ற தீர்ப்பு மட்டும் நிற்கிறது. பழைய எபிசோடை மட்டும் கேட்டுவிட்டு வாதாடினால் பதினொரு வருஷம் பின்தங்கி நிற்பீர்கள்.

இன்னொரு சிக்கலும் உண்டு: தொடர் கிளப்பும் கூச்சல் ஜூரியின் மனதைக் கலைத்துவிடலாம். நம் ஊரில் இப்போது ஜூரி கிடையாது என்பதால் அது நமக்கு உறைக்காது, ஆனால் 1959-இல் நானாவதி கொலை வழக்கில் பம்பாய் ஜூரி 8-க்கு 1 என்று நிரபராதி சொன்னதையும், அப்போது பத்திரிகை போட்ட கூச்சலையும் ஞாபகப்படுத்திக்கொண்டால் புரியும். காணாமல் போன ஒரு மனைவியைப் பற்றிய, ஆஸ்திரேலியாவின் 'டீச்சர்ஸ் பெட்' தொடர் 2018-இல் பரபரப்பானது. அதே ஆண்டு அவருடைய கணவர் கைதானார். ஆனால் கிளம்பிய கூச்சலால் விசாரணை தள்ளிப்போய், தொடரையே ஆஸ்திரேலியாவில் இறக்கிவைத்து, கடைசியில் ஜூரி இல்லாமல் நீதிபதி மட்டும் விசாரிக்க வேண்டியதாயிற்று. 2022-இல் வந்த தீர்ப்பை வாசித்து முடிக்க நீதிபதிக்குக் கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம் ஆனது. அந்தத் தீர்ப்பை முதலில் படித்துவிட்டு எபிசோடுகளுக்குப் போங்கள். எது சாட்சியம், எது ஊர்ப்பேச்சு என்று வரிக்கு வரி பிரிந்து தெரியும்.