சைக்காலஜி படிப்பு எனக்குச் சொல்லிக்கொடுத்தது: சேரப்போகிறவர்களுக்குச் சில யோசனைகள்

அடுத்தவர் மனதைப் படிக்கக் கற்றுக்கொள்ளலாம் என்ற ஆசையில்தான் பலர் பி.எஸ்சி. சைக்காலஜி சேருகிறார்கள். நானும் அப்படித்தான் வந்தேன். முதல் செமஸ்டரில் கிடைத்ததோ நரம்பணு, மூளையின் பாகங்கள், 1879-இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் வில்ஹெல்ம் வுண்ட் தொடங்கிய சைக்காலஜி ஆய்வகம். கொஞ்சம் போர் அடிக்கும், தாங்கிக்கொள்ளுங்கள்.

என்னை மாற்றியது தியரி இல்லை, பிராக்டிகல். லேபில் இருவர் இருவராக உட்காருவோம். ஒருவர் பரிசோதகர், மற்றவர் சப்ஜெக்ட். மிரர் டிராயிங் சோதனையில், திரைக்குப் பின்னால் இருக்கும் கையைக் கண்ணாடியில் மட்டும் பார்த்தபடி நட்சத்திர வடிவத்தின் மேல் பென்சிலை ஓட்ட வேண்டும். மூலை வந்ததும் கை எதிர்ப்பக்கம் இழுக்கும். என் தோழி தடுமாறும்போதெல்லாம் "இந்தப் பக்கம் வாடி" என்று சொல்ல நாக்கு துடிக்கும். சொல்லக் கூடாது. எல்லோருக்கும் ஒரே அறிவுறுத்தல், அதே வார்த்தைகளில். அப்புறம் நேரத்தையும் பிழைகளையும் குறிக்க வேண்டும், அவ்வளவுதான். முடிந்தபின் அவளுக்கு எப்படி இருந்தது என்று கேட்டு, சொன்னதைச் சொன்னபடியே ரெக்கார்டில் எழுத வேண்டும். "பதற்றமா இருந்துச்சா?" என்று கேட்டால் மேடம் உடனே நிறுத்துவார். "பதிலை நீயே எடுத்துக் கொடுக்காதே. எப்படி இருந்துச்சுன்னு மட்டும் கேள்."

இந்தப் பழக்கம் வீடு வரைக்கும் வந்துவிட்டது. பிளஸ் டூ படிக்கும் தம்பி கணக்கில் மார்க் குறைந்து வந்த அன்று, "ஒழுங்கா படிச்சியா?" என்ற எங்கள் வீட்டு வழக்கமான கேள்வியை விட்டுவிட்டு, "எப்படிடா இருந்துச்சு?" என்று மட்டும் கேட்டுச் சும்மா இருந்தேன். அறிவுரை ரத்தத்தில் ஊறிய குடும்பத்தில் இது லேசான காரியமில்லை! ரொம்ப நேரம் கழித்து, கேள்வித்தாளைப் பார்த்ததும் கை நடுங்குவதாகச் சொன்னான். அதுவரை எங்களில் யாருக்கும் அது தெரியாது.

மனநோய்களைப் பற்றிய அப்நார்மல் சைக்காலஜி பாடம் வரும் செமஸ்டரில் உஷாராக இருங்கள். பாடத்தில் வரும் ஒவ்வொரு நோயும் முதலில் நமக்கும், அப்புறம் ஹாஸ்டலில் உள்ள எல்லோருக்கும் இருப்பதாகத் தோன்றும். சோர்ந்து உட்கார்ந்தவளை 'டிப்ரஷன்' என்பதும், பீரோவை அடுக்கி வைப்பவளை 'ஓ.சி.டி.' (ஒரே எண்ணமும் செயலும் திரும்பத் திரும்ப வந்து வாட்டும் நோய்) என்பதும் சகஜம். அறிகுறிப் பட்டியலை மட்டும் மனப்பாடம் செய்தால் இப்படித்தான் ஆகும். மனநோய்களைக் கண்டறியப் பயன்படும் அமெரிக்கக் கையேடான டிஎஸ்எம்-5 கால அளவையும் கேட்கிறது. பெரும் மனச்சோர்வு என்று சொல்ல அறிகுறிகள் குறைந்தது இரண்டு வாரம் நீடிக்க வேண்டும், கடும் வேதனையோ அன்றாட வாழ்க்கையில் பாதிப்போ இருக்க வேண்டும். விடைத்தாளில் இந்த வரியை விடாதீர்கள். உங்களைப் பற்றியே சந்தேகம் உறுத்தினால் புத்தகத்தைப் புரட்டாமல் கல்லூரி கவுன்சலரிடம் போங்கள். அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலி மானஸின் 14416 எண்ணும் இருக்கிறது. இலவசம், தமிழிலேயே பேசலாம்.

தேர்வுக்குப் படிக்க வழி பாடத்துக்குள்ளேயே இருக்கிறது. ரோடிகர், கார்ப்பிக் இருவரும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நடந்த சோதனையில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து முந்தியவர்கள், பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள். நான் மெமரி பாடத்தை இப்படித்தான் படித்தேன்: புத்தகத்தை மூடி, வெள்ளைத்தாளில் எழுதி, விட்டதைச் சிவப்பு மையில் சேர்ப்பது. ஸ்டாடிஸ்டிக்ஸுக்கு மட்டும் இது போதாது. அதற்குத் தினமும் கணக்குப் போட்டே ஆக வேண்டும், ஆர்ட்ஸ் குரூப்பிலிருந்து வந்தவர்கள் முதல் வாரத்திலிருந்தே.

சேரும் முன் வீட்டில் ஒன்றைத் தெளிவாகப் பேசிவிடுங்கள். சாதாரண பி.எஸ்சி. பட்டத்தோடு கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஆகிவிட முடியாது. மேற்படிப்பும், இந்திய மறுவாழ்வு கவுன்சில் அங்கீகரித்த பயிற்சியும், அங்கே பதிவும் வேண்டும். "மூணு வருஷத்துல கிளினிக் போட்டுடுவா" என்று அப்பா சொந்தக்காரர்களிடம் சொல்லத் தொடங்குவதற்குள் சொல்லிவிடுவது நல்லது.