கணக்கு சரி, விடை தப்பு

"கணக்கு சரிம்மா, விடைதான் தப்பு."

நான்தான் சொன்னேன். சொல்லிவிட்டுப் பேனாவை மூடினேன், அதாவது பேச்சு முடிந்தது என்று அர்த்தம். இதே வாக்கியத்தை எத்தனையோ பிள்ளைகளிடம் சொல்லியிருப்பேன். அவர்களும் தலையாட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். இந்தப் பெண் போகவில்லை.

ஐந்து மதிப்பெண் கேள்வி. தொழிற்சாலையை எங்கே வைத்தால் செலவு ஆகக் குறையும் என்று சொல்கிற வெபரின் குறைந்த செலவுக் கோட்பாடு. 1909இல் ஆல்ஃபிரட் வெபர் எழுதிவைத்ததை இன்றும் முக்கோணம் போட்டுத்தான் நடத்துகிறோம்: இரண்டு மூலப்பொருள், ஒரு சந்தை, நடுவில் எங்கோ போக்குவரத்துச் செலவு ஆகக் குறைவான இடம் பி, கொஞ்சம் தள்ளி, கூலி குறைவான இடம் எல். டன் கணக்கில் எண்களும் கொடுத்திருந்தேன். போக்குவரத்து பி-யில் 40 அலகு, எல்-லில் 52. கூலி பி-யில் 30, எல்-லில் 12. ஆக, போக்குவரத்தில் 12 கூடுகிறது, கூலியில் 18 குறைகிறது, நிகரமாக 6 மிச்சம். கேள்வி: "தொழிற்சாலை பி-யிலிருந்து எல்-லுக்கு இடம் மாற வேண்டுமா? காரணம் தருக."

எல்லாரும் "மாற வேண்டும்" என்று எழுதியிருந்தார்கள். இவள் 12, 18, 6 என்று வரிசையாகப் போட்டு, 6-க்கு அடிக்கோடு இழுத்து, அதன் கீழே எழுதியிருந்தாள்: "ஆனாலும் மாறக் கூடாது. தொழிலாளர்கள் இடம்பெயர மாட்டார்கள் என்பது இந்தக் கோட்பாட்டின் அனுமானம்."

அவ்வளவுதான். விளக்கம் இல்லை. கணக்குக்கு 3 போட்டேன். முடிவுக்கான 2 போடவில்லை.

"கணக்கு சரின்னா விடை எப்படி சார் தப்பாகும்?"

"செலவு எங்க குறைவுன்னுதான் வெபர் கேக்குறார். போறது நியாயமா இல்லையான்னு அவர் கேக்கல."

"கேள்வியில 'மாற வேண்டுமா'ன்னுதானே சார் இருக்கு?"

இருந்தது. என் கையெழுத்தில்தான் இருந்தது. "மாறுமா" என்று கேட்டிருந்தால் அது கணக்கு. "மாற வேண்டுமா" என்றால் கணக்கு மட்டும் போதுமா? வருடக்கணக்காக அதே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன், அந்த "வேண்டுமா" என் கண்ணில் பட்டதே இல்லை.

சரி, என் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரு கோட்பாட்டு மாதிரியை நடத்தும்போது முதலில் கற்றுக்கொடுப்பதே இதைத்தான்: அது உலகம் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்வதில்லை, சில அனுமானங்களை ஏற்றுக்கொண்டால் என்ன நடக்கும் என்றுதான் சொல்கிறது. மனசுக்குப் பட்டதையெல்லாம் முடிவு என்று எழுதினால் மார்க் உண்டு என்று வந்துவிட்டால், நாளைக்கு இன்னொருவன் கணக்கே போடாமல் "மாற வேண்டும், அதுதான் வளர்ச்சி" என்று எழுதுவான். அவனுக்கும் போட வேண்டியதுதான். அதோடு, ஒருத்திக்குத் திருத்தினால் சாயங்காலத்துக்குள் பாதி வகுப்பு வாசலில் நிற்கும். வாத்தியார் வேலை பார்க்கிறவர்களுக்குத் தெரியும்.

ஆனால் அவள் மனசுக்குப் பட்டதை எழுதவில்லையே. அனுமானத்தைத்தானே எழுதினாள்! வெபரின் கோட்பாட்டில் மூலப்பொருள் நகரும், சரக்கு நகரும், ஆலையே நகரும். தொழிலாளி மட்டும் இருந்த இடத்திலேயே இருப்பான். அதுவும், கூலி மலிவான இடத்தில் அதே கூலிக்கு எத்தனை பேர் வேண்டுமானாலும் கிடைப்பார்கள். ஒரு வரியில் சொல்லிவிட்டுத் தாண்டிப்போகிற அனுமானங்கள் இவை. நானும் தாண்டிப்போனவன்தான். ஆலை போய்விட்டது, ஆள் போகவில்லை என்றால் பி-யில் மிஞ்சுவது யார் என்று அவள் அங்கேயே நின்றுவிட்டாள்.

இதற்கு என்னிடம் எதிர்வாதம் இருந்தது. அன்றைக்கு வாயில் வரவில்லை, ராத்திரிதான் வந்தது. பி-யில் இருப்பவர்களைப் பார்க்கிறாய், எல்-லில் இருப்பவர்களைப் பார்த்தாயா? சீனாவின் ஷென்ஜென்னை 1980இல் சிறப்புப் பொருளாதார மண்டலமாக அறிவித்தார்கள். 2020 கணக்கெடுப்பில் அங்கே 1.7 கோடிக்கும் மேல் மக்கள். அவர்களில் பெரும்பாலோர் எங்கெங்கிருந்தோ வேலை தேடி வந்தவர்கள். அங்கே போய், ஆலை வந்திருக்கக் கூடாது என்று சொல்ல முடியுமா? "மாறக் கூடாது" என்று எழுதுகிறவள், எல்-லில் காத்திருக்கிற ஒருத்தியின் வேலையையும் சேர்த்து அடிக்கிறாள் அல்லவா? பிரமாதமான வாதம் என்று அப்போது தோன்றியது. எழுந்து விளக்கைப் போட்டுக் குறிப்புக்கூட எழுதிவைத்தேன்.

காலையில் அந்தக் குறிப்பைப் பார்த்தபோது இரண்டு விஷயம் உறுத்தியது. ஒன்று, ஷென்ஜென்னுக்குத் தொழிலாளர்கள் இடம்பெயர்ந்துதான் வந்தார்கள். அதாவது, வெபரைக் காப்பாற்ற நான் எடுத்த உதாரணம் வெபரின் அனுமானத்தையே உடைக்கிறது. இன்னொன்று, அந்த 12 அலகு. கூலி ஏன் 12 என்று என் கேள்வியில் எங்கேயும் இல்லை. டாக்காவை ஒட்டிய சாவரில், 2013 ஏப்ரல் 23 அன்று ராணா பிளாசா கட்டிடத்தில் விரிசல் தெரிந்தது. கீழே இருந்த வங்கியும் கடைகளும் மூடிவிட்டன. மேல்தளங்களில் இருந்த தையல் ஆலைகளுக்கு மறுநாள் காலையில் ஆட்களை வரச் சொன்னார்கள். கட்டிடம் இடிந்து விழுந்தது. இறந்தவர்கள் 1,134 பேர். இதே பாடத்தில், நாலைந்து பக்கம் தள்ளி, "உலகமயமாதலின் விளைவுகள்" என்ற தலைப்பில் இதை நடத்துகிறேன். முக்கோணம் போடும்போது நடத்துவதில்லை. இரண்டும் வேறு வேறு தலைப்பு, வேறு வேறு கேள்வி.

முக்கோணத்தின் மேல் போடுகிற வட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பி-யைச் சுற்றி ஐசோடபேன் கோடுகள், அதாவது போக்குவரத்துச் செலவு ஒரே அளவாக இருக்கிற இடங்களை இணைக்கிற கோடுகள் வரைவோம். கூடுதல் போக்குவரத்துச் செலவும் கூலி மிச்சமும் சமமாகிற கோடுதான் எல்லை. எல் அதற்குள் விழுந்தால் ஆலை போகும், வெளியே விழுந்தால் போகாது. பையன்களுக்கு இது பிடிக்கும், காம்பஸ் எடுத்து அழகாகப் போடுவார்கள். 1956இல் ஒரு பழைய எண்ணெய்க் கப்பலின் மேல்தளத்தில் 58 சரக்குப் பெட்டிகளை ஏற்றி நியூவர்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார்களே, அதிலிருந்து கடல் போக்குவரத்துச் செலவு இறங்க இறங்க அந்த எல்லைக்கோடு விரிந்துகொண்டே போனது. இப்போது பல பொருட்களுக்கு உலகமே அந்தக் கோட்டுக்குள். காம்பஸால் வரைய முடியாது. வகுப்பில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். நானும் சிரித்துக்கொண்டேதான் சொல்வேன்.

அடுத்த வாரம், நாடுகளின் பொருளாதாரம் படிப்படியாக வளரும் என்று சொல்கிற ரோஸ்டோவின் ஐந்து கட்டங்கள். பலகையில் படிக்கட்டு மாதிரி போட்டேன். மரபுச் சமூகம் கீழே, பெருநுகர்வு மேலே. கடைசிப் படியைப் போடும்போது அவள் இருந்த பக்கம் திரும்பவில்லை. டெட்ராய்ட்டின் மக்கள்தொகை 1950இல் 18 லட்சத்துக்கும் மேல், 2020இல் சுமார் 6.4 லட்சம். பெருநுகர்வுக் காலத்தின் கார்களைச் செய்த ஊர்தான் அது. படிக்கட்டில் இறங்குகிறவர்களுக்கு ரோஸ்டோவிடம் அம்புக்குறி கிடையாது. அவள் கேட்பாள் என்று எதிர்பார்த்து இந்த எண்களையெல்லாம் தயார் செய்துகொண்டு போயிருந்தேன். அவள் கேட்கவில்லை. மற்றவர்களைப் போலப் படிக்கட்டை நோட்டில் வரைந்துகொண்டாள். கேட்காததற்கு நான் காரணமா, அல்லது அன்றைக்கு அவளுக்கு வேறு ஏதாவது யோசனையா? தெரியவில்லை. எல்லாவற்றுக்கும் நான்தான் காரணம் என்று நினைத்துக்கொள்வதும் ஒரு வாத்தியார் வியாதி.

உடன் வேலை பார்ப்பவரிடம் சொன்னேன். "ரெண்டு மார்க்தானே, போட்டுட்டு விட வேண்டியதுதானே" என்றார். போட்டிருக்கலாம். ஆனால் போட்டால் "மாறக் கூடாது" சரியான விடை என்று ஆகிறது, அதையும் நான் நம்பவில்லை. இரண்டு விடையும் சரி என்று சொல்லலாமென்றால், பிறகு எதற்குக் கணக்கு?

இன்னொரு விஷயம். அவள் விடைத்தாளில் முக்கோணத்தை ஒட்டிப் பொடிப்பொடியாகக் கட்டங்கள் வரைந்திருந்தாள். திருத்தும்போது ஏதோ கிறுக்கல் என்று தாண்டிவிட்டேன். பிறகுதான் வீடுகளாக இருக்குமோ என்று தோன்றியது. பி-யைச் சுற்றி இருந்தன, அது நிச்சயம். எல்-லைச் சுற்றியும் வரைந்திருந்தாளா? வரைந்திருந்தால் என் ராத்திரி வாதத்துக்கு வேலையே இல்லை, அவள் இரண்டு பக்கத்தையும் பார்த்துவிட்டுத்தான் அப்படி எழுதியிருக்கிறாள். வரையவில்லை என்றால் எனக்குக் கொஞ்சம் நிம்மதி. தாளைத் திருப்பிக் கொடுத்தாகிவிட்டது. அதை நாலாக மடித்துப் புத்தகத்துக்குள் வைத்து, "சரி சார்" என்று சொல்லிவிட்டுப் போனாள். பிறகு கேட்டுப் பார்த்திருக்கலாம். எப்படிக் கேட்பது என்று தெரியாமலே அந்த வருடம் முடிந்துவிட்டது.

அடுத்த வருடம் அதே கேள்வியை வைத்தேன், அதே 40, 52, 30, 12. கடைசி வரியை மட்டும் மாற்றினேன்: "வெபரின் கோட்பாட்டின்படி தொழிற்சாலை இடம் மாறுமா?" இனி யாரும் வாசலில் வந்து நிற்க முடியாது. திருத்துவதும் சுலபமாக இருந்தது. கணக்கைச் சரியாகப் போட்ட எல்லாருக்கும் ஐந்துக்கு ஐந்து. ஒவ்வொரு தாளிலும் பி-யைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தேன். எல்லாத் தாளிலும் வெறும் முக்கோணம்தான்.